இலவச சிகிச்சையில் தவறு நடந்தால் யாரைக் கேட்பது?

அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குப் போன ஒருவர் இறந்துவிடுகிறார். சொந்தக்காரர்கள் பிணவறை வாசலில் உட்கார்ந்துகொண்டு உடலை வாங்க மாட்டோம் என்கிறார்கள். இந்தக் காட்சியைச் செய்தியில் பார்க்கும்போதெல்லாம், கீழே யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லியிருப்பார்: “ஓசி வைத்தியத்துக்குப் போயிட்டு அப்புறம் என்னத்தக் கேக்குறது?” காசு கொடுத்தவனுக்குத்தான் கேள்வி கேட்கும் உரிமை என்ற நினைப்பு நமக்குள் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. நோயாளிகளே கூட அதை நம்புகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாச் சீட்டு வாங்கிப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பஸ் கவிழ்ந்து அவருக்குக் கால் முறிந்தால், மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் “டிக்கெட்டுக்கு எவ்வளவு கொடுத்தாய்” என்று கேட்டு இழப்பீட்டைக் குறைக்காது. கவனமாக ஓட்ட வேண்டிய கடமை, ஆளை ஏற்றிக்கொண்ட நொடியிலேயே வந்துவிடுகிறது. மருத்துவமனையும் அப்படித்தான். ஓ.பி. சீட்டு எழுதி, நோயாளியை உள்ளே எடுத்துக்கொண்டதும் கவனமாகச் சிகிச்சை தரும் கடமை தொடங்கிவிடுகிறது. அந்தச் சீட்டு இலவசமா, பத்து ரூபாயா, பத்தாயிரமா என்பது அந்தக் கடமையைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை.

அப்படியானால் கட்டணத்துக்கும் பொறுப்புக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. நோயாளி எந்த வாசலில் போய் நியாயம் கேட்கலாம் என்பதைக் கட்டணம் முடிவு செய்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் புரிந்துவிடும்.

1995இல் என்ன நடந்தது

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது. வக்கீல் இல்லாமலே, அதிகச் செலவும் இல்லாமல், சாதாரண ஆள் புகார் கொடுத்து இழப்பீடு வாங்க ஒரு வழி. தையல் மிஷின் பழுது, டிராவல்ஸ்காரர் ஏமாற்றியது என்று போய்க்கொண்டிருந்த இடத்துக்கு மருத்துவர்களுக்கு எதிரான புகார்களும் வரத் தொடங்கின. மருத்துவர்கள் கொதித்தார்கள். எங்கள் தொழிலும் கடை வியாபாரமும் ஒன்றா என்று கேட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 1994இல் அவர்கள் பக்கம் சாய்ந்தது. நோயைக் கண்டறிவதும் சிகிச்சை தருவதும் அந்தச் சட்டத்தில் சொல்லும் ‘சேவை’ ஆகாது என்றது. வேறு சில இடங்களில் இதற்கு நேர்மாறான தீர்ப்புகள் வந்திருந்தன.

எல்லாம் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 1995 நவம்பர் 13 அன்று, இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா என்ற வழக்கில் தீர்ப்பு வந்தது. மருத்துவமும் சேவைதான், சென்னையின் தீர்ப்பு சரியல்ல என்று நீதிபதி எஸ்.சி. அகர்வால் எழுதினார். இன்றுவரை இந்த விஷயத்தில் அடித்தளம் அந்தத் தீர்ப்புதான்.

ஆனால் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. இலவசமாகச் செய்யப்படும் எதுவும் ‘சேவை’ என்ற வரையறைக்குள் வராது. (2019ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் அந்த வரி அப்படியே இருக்கிறது.) அதனால் நீதிமன்றம் மருத்துவமனைகளை மூன்றாகப் பிரித்தது. எல்லோரிடமும் கட்டணம் வாங்கும் இடம் ஒன்று. ஏழை, பணக்காரர் என்று பார்க்காமல் யாரிடமும் எதுவும் வாங்காத இடம் இன்னொன்று. வசதி உள்ளவர்களிடம் வாங்கிக்கொண்டு இல்லாதவர்களுக்கு இலவசமாகப் பார்க்கும் இடம் மூன்றாவது.

முதல் வகை சட்டத்துக்குள் வரும் என்பதில் சிக்கல் இல்லை. இரண்டாவது வகை வராது. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையமும் முழுக்க இலவசமாக இயங்கும் அரசு மருத்துவமனைகளும் இதில்தான் அடங்கும். மூன்றாவது வகையில்தான் தீர்ப்பின் சுவாரசியமே. அங்கே காசு கொடுத்தவர் மட்டுமல்ல, கொடுக்காமல் இலவசப் படுக்கையில் படுத்தவரும் நுகர்வோர்தான் என்றது நீதிமன்றம். காசு கொடுப்பவர்களிடம் வாங்கும் பணத்திலிருந்துதானே இலவசப் படுக்கையின் செலவும் ஓடுகிறது? அப்படியிருக்க ஒருவருக்கு உரிமை, மற்றவருக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? தவிரவும், ஒரே மருத்துவமனையில் காசு கொடுக்கும் நோயாளிக்கு ஒரு கவனம், இலவச நோயாளிக்கு இன்னொரு கவனம் என்று ஆகிவிடக் கூடாது.

இரண்டு எதிர்வாதங்களுக்கும் அங்கேயே பதில் கிடைத்தது. பதிவுக்காக ஓரிரு ரூபாய் வாங்கினால் அது கட்டணமாகாதா? ஆகாது, பெயர் பதிய வாங்கும் அடையாளத் தொகை, இலவச மருத்துவமனையைக் கட்டண மருத்துவமனையாக மாற்றிவிடாது. சரி, நான் வரி கட்டுகிறேனே, அந்தப் பணத்தில்தானே ஆஸ்பத்திரி நடக்கிறது, அது கட்டணம் இல்லையா? அதுவும் இல்லை. இந்தச் சிகிச்சைக்கு இந்தப் பணம் என்று கொடுப்பதுதான் கட்டணம்; வரி அப்படிப்பட்டதல்ல என்று விட்டது நீதிமன்றம்.

தர்க்கமாகப் பார்த்தால் தீர்ப்பில் குறை சொல்ல முடியாது. சட்டத்தின் வரியே அப்படி இருக்கிறது. விளைவைப் பார்த்தால்தான் உறுத்துகிறது. பெரிய தனியார் மருத்துவமனையின் தர்மப் படுக்கையில் சிகிச்சை பெற்ற ஏழைக்கு நுகர்வோர் ஆணையம் என்ற செலவு குறைந்த வாசல் திறக்கிறது. தாலுகா அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற ஏழைக்கு அதே வாசல் மூடியிருக்கிறது. அவர் போக வேண்டிய சிவில் நீதிமன்றத்தில், கேட்கும் தொகையில் தமிழ்நாட்டில் 3 விழுக்காடு நீதிமன்றக் கட்டணமே கட்ட வேண்டும். வேறு போக்கிடம் இல்லாமல் அரசு மருத்துவமனைக்கு வந்தவருக்குத்தான் நீண்ட வழி, செலவுள்ள வழி. இதைச் சரிசெய்ய வேண்டியது சட்டமன்றங்கள்தான். அதற்காக, உரிமை வேண்டுமென்றால் அரசு மருத்துவமனையிலும் கட்டணம் வையுங்கள் என்று சிலர் கிளம்புவது எனக்கு ஒப்பில்லை. உரிமையைக் காசுக்கு வாங்கச் சொல்வதும், முதலில் பார்த்த ‘ஓசி’ பேச்சும் ஒரே மனநிலையில் பிறந்தவை.

ஒரு விஷயத்தை இங்கேயே தெளிவாக்கிவிடலாம். வார்டில் சக்கர நாற்காலி தள்ள, பிரசவமான சேதி சொல்ல என்று கையில் திணிக்கப்படும் நூறும் ஐந்நூறும் கட்டணக் கணக்கில் வராது. அது லஞ்சம். “நானும் காசு கொடுத்தேனே” என்று நுகர்வோர் ஆணையத்தில் சொல்ல அது உதவாது. ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையிடம் சொல்ல உதவும்.

முழு இலவசமும் இல்லாத இடங்கள்

எல்லா அரசு மருத்துவமனைகளும் இன்று அந்த இரண்டாவது வகையில் சுத்தமாகப் பொருந்துவதில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் 0.75 விழுக்காடு பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 விழுக்காடு கட்டுகிறார். பிறகு சென்னை கே.கே. நகரிலோ கோவை சிங்காநல்லூரிலோ உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பில் இல்லாமல் சிகிச்சை கிடைக்கிறது. இது இலவசமா? இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2007இல் சொல்லிவிட்டது. சந்தா கட்டித்தான் அந்தச் சிகிச்சை வருகிறது, எனவே இ.எஸ்.ஐ. நோயாளி நுகர்வோர்தான். அதே ஆண்டில் ரயில்வே மருத்துவமனை ஒன்றைப் பற்றிய வழக்கிலும் இதே போக்கில்தான் தீர்ப்பு. ஊழியருக்கும் குடும்பத்துக்கும் தரும் சிகிச்சை வேலை நிபந்தனையின் ஒரு பகுதி. அவர் செய்யும் வேலையே அதற்கான விலை. பெரம்பூர் ரயில்வே மருத்துவமனைக்குப் போகும் ஊழியரின் மனைவி இதை வைத்துப் புகார் கொடுக்க முடியும்.

அடுத்தது கட்டண வார்டு. சென்னை உட்படச் சில ஊர்களின் பெரிய அரசு மருத்துவமனைகளில் தனி அறை வேண்டுவோருக்குக் கட்டண வார்டுகள் வந்திருக்கின்றன. ஸ்கேன்களில் சிலவற்றுக்குக் கட்டணம் வாங்குவது இன்னும் பழைய பழக்கம். இங்கே 1995 தீர்ப்பின் மூன்றாவது வகையை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். சிலரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனை அரசுடையதாக இருந்தாலும் சட்டத்துக்குள் வரும் என்று அந்தத் தீர்ப்பு வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே உங்கள் நோயாளி பொது வார்டில் இருந்தாரா, கட்டண அறையில் இருந்தாரா என்பதோடு, அந்த மருத்துவமனையில் கட்டணம் வாங்கும் பிரிவு ஏதாவது இருக்கிறதா என்றும் வக்கீல் விசாரிப்பார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டாலே இதற்குப் பதில் கிடைக்கும்.

மூன்றாவது, காப்பீடு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒருவருக்கு அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தால், அந்தச் சிகிச்சைக்கான தொகை திட்டத்திலிருந்து மருத்துவமனைக்கு வருகிறது. நோயாளிக்காகக் காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டினால் அது இலவசமாகாது என்று 1995 தீர்ப்பிலேயே இருக்கிறது. அரசுத் திட்டத்துக்கும் இது பொருந்தும் என்று வாதிட இடமிருக்கிறது. எனவே திட்டத்தின் அட்டை எண், அனுமதிக் கடிதம் ஆகியவற்றைத் தொலைத்துவிடாதீர்கள்.

மரணம் எல்லாம் அலட்சியமா?

இல்லை. இதை ஏற்றுக்கொள்வது துக்கத்தில் இருப்பவர்களுக்குக் கஷ்டம்தான். சிகிச்சை பலிக்காமல் போவதும், தெரிந்தே எடுத்த ஆபத்து நேர்ந்துவிடுவதும் அலட்சியம் ஆகாது. அந்த இடத்தில் அதே படிப்பு படித்த சராசரி மருத்துவர் ஒருவர் எடுத்திருக்கக்கூடிய கவனத்தை இவர் எடுத்தாரா என்பதுதான் கேள்வி. இரண்டு ஏற்கத்தக்க முறைகளில் ஒன்றை அவர் தேர்ந்தெடுத்து அது சரிவராமல் போனால், மற்றொன்றைச் செய்திருக்கலாமே என்று பின்னால் உட்கார்ந்து குற்றம் சொல்ல முடியாது. உச்ச நீதிமன்றம் 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் இதை விரிவாக எழுதியது.

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை வழக்குகள் இரண்டை அருகருகே வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஹரியானாவில் ஏழு பிள்ளைகள் பெற்ற ஓர் ஏழைப் பெண் குர்கான் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். மீண்டும் கருத்தரித்தார். ஒரு பக்கக் கருக்குழாயை மட்டும் கட்டிவிட்டு மறுபக்கத்தை விட்டுவிட்டிருந்தார்கள். இது அலட்சியம், அரசு இழப்பீடு தர வேண்டும் என்று 2000இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து பஞ்சாபிலிருந்து வந்த வழக்கில் அறுவை சிகிச்சை முறையாகத்தான் நடந்திருந்தது, ஆனாலும் கரு தரித்துவிட்டது. அந்தச் சிகிச்சை நூற்றுக்கு நூறு உத்தரவாதம் தருவதல்ல. தோல்வி ஒன்றை மட்டும் காட்டி இழப்பீடு கேட்க முடியாது என்று தள்ளிவிட்டார்கள். இரண்டிலும் நேர்ந்தது ஒன்றுதான், மீண்டும் கருத்தரிப்பு. என்ன செய்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

சில வழக்குகளில் நிபுணரே தேவையில்லை. ஔரங்காபாத்தில் 1963இல் குழந்தை பெற்ற ஒரு பெண்ணுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்தபோது வயிற்றுக்குள் ஒரு துணியை விட்டுத் தைத்துவிட்டார்கள். இரண்டாம் முறை வயிற்றைத் திறந்தபோதுதான் அது தெரிந்தது. அவர் இறந்துபோனார். அலட்சியத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு 36,000 ரூபாய் இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 1996இல். முப்பத்து மூன்று ஆண்டுகள்! சிவில் வாசல் நீண்டது என்று மேலே சொன்னது இதைத்தான்.

அந்த வழக்கில்தான் இன்னொரு முக்கியமான விஷயமும் உறுதியானது. அரசு தன் இறையாண்மை அதிகாரத்தில் செய்யும் காரியங்களுக்கு இழப்பீடு கேட்க முடியாது என்ற பழைய வாதத்தை மகாராஷ்டிர அரசு எடுத்துவைத்தது. மருத்துவமனை நடத்துவது படை நடத்துவது போன்ற இறையாண்மைக் காரியம் அல்ல என்றது நீதிமன்றம். அரசு ஊழியரான மருத்துவரோ செவிலியரோ வேலையில் அலட்சியம் செய்தால் முதலாளி என்ற முறையில் அரசே பணம் கட்ட வேண்டும். எந்த மருத்துவர், எந்த செவிலியர், ஊசி போட்டது யார் என்று நோயாளியின் குடும்பம் துப்புத் துலக்க வேண்டியதில்லை. மருத்துவமனையையும் அரசையும் எதிர்மனுதாரராகச் சேர்த்தால் போதும். உள்ளே யார் தவறு என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

உண்மையில் அரசு மருத்துவமனைகளில் பல நேரம் தனி ஒரு மருத்துவரின் தவறு என்று எதையும் சுட்டிவிட முடியாது. ஒரே காலையில் வரிசை கட்டி நிற்கும் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்ப்பவர் அவர். மயக்க மருந்து நிபுணர் இல்லை, வெண்டிலேட்டர் காலியில்லை, ரத்த வங்கி பக்கத்து ஊரில். அப்படிப்பட்ட இடத்தில் பணியாற்றும் இளம் மருத்துவரைச் சட்டையைப் பிடித்து உலுக்குவது எளிது. அவரை அந்த நிலையில் வைத்தவர்களைக் கேட்பதுதான் கடினம். அதைக் கேட்கவும் சட்டத்தில் வழி உண்டு. கொல்கத்தா அருகே 1992இல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சொந்தச் செலவில் பிழைத்தார். உச்ச நீதிமன்றம் 1996இல் அவருக்கு 25,000 ரூபாய் தரச் சொன்னது. தொகை சிறியது, சொன்ன வாக்கியம் பெரியது: அவசர சிகிச்சையை மறுப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும், நிதி இல்லை என்பது அரசு சொல்லக்கூடிய சாக்கு அல்ல.

திறந்திருக்கும் மற்ற வாசல்கள்

அந்த 21ஆம் பிரிவுதான் இலவச நோயாளியின் பெரிய பலம். அதை வைத்து, அடிப்படை உரிமையைக் காக்கக் கேட்கும் ரிட் மனுவை நேரே உயர் நீதிமன்றத்தில் போடலாம். சாத்தூர் அரசு மருத்துவமனையில் 2018 டிசம்பரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது நினைவிருக்கும். அந்த ரத்தத்துக்கு அவர் காசு கொடுத்தாரா என்று யாரும் கேட்கவில்லை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது, அதுவும் அடுத்த ஆண்டே. தவறு என்னவென்பதில் மறுப்புக்கு இடமில்லாத நேரங்களில் ரிட் மனு வேகமான வழி. நடந்தது இதுவா அதுவா என்று சாட்சி வைத்து ஆராய வேண்டிய நிலை இருந்தால், சிவில் நீதிமன்றம் போகச் சொல்லி உயர் நீதிமன்றம் அனுப்பிவிடுவது வழக்கம்.

தமிழ்நாட்டில் இன்னொன்றும் உண்டு. அரசு மருத்துவமனைகளில் நேரும் இப்படிப்பட்ட இழப்புகளுக்கு இழப்பீடு தருவதற்கென்றே 2018இல் அரசாணை மூலம் ஒரு நிதியம் உருவாக்கப்பட்டது. டான்சில் அறுவை சிகிச்சைக்குப் போன ஒரு குழந்தை இறந்த வழக்கில் மதுரைக் கிளை 2022இல் அந்த நிதியத்திலிருந்து 5 லட்சம் தரச் சொன்னது. மருத்துவர்களின் அலட்சியம் நிரூபிக்கப்படாத வழக்கு அது. சாதாரணமாக நேரக்கூடாத ஒன்று அரசின் பராமரிப்பில் நேர்ந்துவிட்டால், யார் தவறு என்ற கேள்விக்கு அப்பாலும் அரசுக்குக் கடமை இருக்கிறது என்ற பார்வை. என் கணிப்பில், இந்தத் துறை போக வேண்டிய திசை இதுதான். மருத்துவரைக் குற்றவாளியாக்கினால்தான் குடும்பத்துக்குப் பணம் என்ற ஏற்பாட்டில், மருத்துவர்கள் மறைப்பதும் குடும்பங்கள் மூர்க்கமாவதும் தவிர்க்க முடியாதவை.

எழும்பூர் வழக்கையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். 1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 29ஆம் வாரத்திலேயே, 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இப்படிக் குறைமாதத்தில் பிறந்து ஆக்சிஜனில் வைக்கப்படும் குழந்தைகளுக்கு விழித்திரையில் ரத்த நாளங்கள் தாறுமாறாக வளரும் ஆபத்து உண்டு. சில வாரங்களுக்குள் கண்ணைச் சோதித்தால் பார்வையைக் காப்பாற்றிவிடலாம். அந்தச் சோதனை நடக்கவில்லை. வேண்டுமென்று பெற்றோரிடம் யாரும் சொல்லவும் இல்லை. குழந்தை பார்வையை இழந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் 2015இல் அதை ஏறத்தாழ 1.8 கோடியாக உயர்த்தி, பெரும்பகுதியைத் தமிழ்நாடு அரசே கட்ட வேண்டும் என்றது. அரசு மருத்துவமனை என்றாலே நுகர்வோர் ஆணையம் திருப்பி அனுப்பிவிடும் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிட வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

போலீஸ் புகார் கடைசியில் வைக்க வேண்டியது என்பது என் அபிப்பிராயம். அலட்சியத்தால் மரணம் விளைவித்த மருத்துவருக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் இரண்டு ஆண்டுவரை சிறை உண்டு. ஆனால் சிவில் வழக்குக்குப் போதுமான கவனக்குறைவு குற்ற வழக்குக்குப் போதாது. மிக மோசமான, மன்னிக்க முடியாத அலட்சியம் வேண்டும். வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் மேலே போகக் கூடாது, அந்த மருத்துவர் அரசுப் பணியில் இருப்பவராக இருந்தால் நல்லது என்றும் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு சொல்கிறது. தனியார் மருத்துவர் மீதான புகாருக்கு அது நல்ல ஏற்பாடு. அரசு மருத்துவரை அதே துறையின் இன்னொரு மருத்துவர் எடைபோடும்போது குடும்பத்துக்கு நம்பிக்கை வராததில் ஆச்சரியம் இல்லை. ஆனாலும் நேர்மையான அறிக்கைகள் வராமல் இல்லை. 2022 நவம்பரில் சென்னையில் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோன இளம் கால்பந்து வீராங்கனையின் விஷயத்தில், இறுக்கமாகக் கட்டுப்போட்டதைக் கவனிக்காமல் விட்டதைத் துறையின் விசாரணையே கண்டுபிடித்தது. மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

மருத்துவரின் பதிவைப் பற்றிய புகாருக்குத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. அங்கே எச்சரிக்கை முதல் பெயர் நீக்கம்வரை நடவடிக்கை உண்டு, பணம் கிடையாது. மாநில மனித உரிமை ஆணையம் இழப்பீட்டைப் பரிந்துரைக்கும். மனு எழுத வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை.

முதல் சில நாட்களில் செய்ய வேண்டியவை

கோபம் உச்சத்தில் இருக்கும் அந்த நேரத்தில் செய்யத் தவறுவதுதான் பின்னால் வழக்கைக் கெடுக்கிறது. உடலை வாங்க மறுத்துப் போராடும் குடும்பங்களே, பிறகு பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு உடலை எடுத்துப் போவதும் நடக்கிறது. இறப்பின் காரணத்தை உறுதியாகச் சொல்லும் காகிதம் பிரேதப் பரிசோதனை அறிக்கைதான். மனம் எவ்வளவு வலித்தாலும் அதைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவரையோ செவிலியரையோ யாராவது கைநீட்டி அடித்துவிட்டால் தமிழ்நாட்டின் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. அதன்பிறகு கதையே திசை மாறி, உங்கள் குடும்பம் எதிரியாகிவிடும்.

அடுத்தது மருத்துவப் பதிவுகள். கேஸ் ஷீட், செவிலியர் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றின் நகலையும் டீனிடமோ நிலைய மருத்துவ அலுவலரிடமோ எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் முத்திரையும் உங்கள் பிரதியில் வாங்குங்கள். நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதி. தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். எத்தனை மருத்துவர்கள் அன்று பணியில் இருந்தார்கள், எத்தனை இடங்கள் காலி, கருவி எப்போதிலிருந்து பழுது என்பதையும் அதே மனுவில் கேளுங்கள். அரசின் மேல் பொறுப்பைச் சுமத்தப்போவது இந்தப் பதில்கள்தான். பதிவுகளை மருத்துவமனை மூன்று ஆண்டுகள்தான் வைத்திருக்க வேண்டும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் தருவார்கள். நீதிமன்றக் கட்டணம் கட்ட வழியில்லை என்று காட்டினால் அது இல்லாமலே சிவில் வழக்கு நடத்தவும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இடம் உண்டு.

கடைசியாகக் காலக்கெடு. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டுகள். அரசின் மேல் சிவில் வழக்குப் போடுவதற்கு முன் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். அதைக் கொடுக்காமல் போட்ட வழக்கு பெரும்பாலும் வாசலிலேயே திருப்பப்படும். துறை விசாரணை முடியட்டும், அறிக்கை வரட்டும் என்று காத்திருப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் காத்திருக்கிறீர்கள் என்பதற்காகக் காலக்கெடு நிற்பதில்லை. விசாரணை ஒரு பக்கம் நடக்கட்டும். நகல்கள் கைக்கு வந்த வாரமே ஆணைக்குழுவில் போய் உட்கார்ந்து, எந்த வாசல், எந்தத் தேதிக்குள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.